இலைத் தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு இலையாக வரும் கறுப்புத் தேயிலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது நல்லது, ஏன் நல்லது என்று சொல்லப் பழகுகிறவர்களுக்காக எழுதியது இது. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பொறுமையும், ஒரே மாதிரியான இரண்டு மூன்று கோப்பைகளும், ஒரு சின்னத் தராசும் இருந்தால் போதும்.

கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் வேறு வேறு செடியா?

இல்லை, ஒரே செடிதான். கமேலியா சினென்சிஸ் என்ற அந்தச் செடியில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. சீன வகைக்குச் சின்ன இலை, குளிரைத் தாங்கும். அசாம் வகைக்குப் பெரிய இலை. வெப்பமும் மழையும் உள்ள இடத்தில் செழிக்கும். இரண்டிலிருந்தும் எந்த நிறத் தேயிலையையும் செய்யலாம்.

கறுப்புத் தேயிலைக்குப் பறித்த கொழுந்தை முதலில் வாட்டுகிறார்கள். அப்புறம் உருட்டுகிறார்கள். உருட்டும்போது இலையின் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் கேட்டச்சின் என்ற பொருள்கள் இலையின் நொதியோடும் காற்றோடும் கலக்கின்றன. சிறிது நேரத்தில் இலை செம்பு நிறத்துக்கு மாறும். அந்தக் கட்டத்தில் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்தி விடுவார்கள். தொழிற்சாலைகளில் இதைப் புளிக்கவைத்தல் என்றே சொல்வார்கள். ஆனால் இதில் முக்கியமாக நடப்பது ஆக்சிஜனேற்றம்தான். பச்சைத் தேயிலைக்கு ஆரம்பத்திலேயே சூடு காட்டி அந்த நொதியை அடக்கி விடுவதால் இலை பச்சையாகவே நிற்கிறது.

இந்த மாற்றத்தில் உருவாகும் இரண்டு பொருள் வகைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தியாஃப்ளேவின் பளிச்சென்ற பொன்சிவப்பு நிறத்தையும் நாக்கில் சுள்ளென்ற துடிப்பையும் கொடுக்கும். தியாரூபிஜின் ஆழ்ந்த செம்பழுப்பு நிறத்தையும் கனத்தையும் கொடுக்கும். அளவுக்கு மேல் நேரம் விட்டால் முன்னது குறைந்து பின்னது கூடும். டிகாஷன் கறுத்துப் போகும், துடிப்பு போய்விடும். கோப்பையில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையே உள்ள கணக்குதான்.

ஆர்த்தடாக்ஸ், சிடிசி என்று பிரிக்கிறார்களே?

ஆர்த்தடாக்ஸ் என்பது இலையை உருட்டி முறுக்கும் பழைய முறை. சிடிசி 1930களின் தொடக்கத்தில் அசாமில் உருவான முறை. பல்லுள்ள உருளைகளுக்கு இடையே இலையை நசுக்கி, கிழித்து, சின்னச் சின்ன மணிகளாகச் சுருட்டும். சிடிசியில் சாயம் வேகமாக இறங்கும், கனமாகவும் இருக்கும். வாசனையின் நுட்பம் ஆர்த்தடாக்ஸில்தான் தங்கும். இங்கே பேசுவது பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் பற்றித்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். நோக்கமே வேறு.

சுவை பார்க்க என்னென்ன வேண்டும்?

உட்புறம் வெள்ளையாக உள்ள ஒரே அளவுக் கோப்பைகள், மூடியுள்ள சின்னப் பாத்திரங்கள், கிராம் கணக்கில் எடை காட்டும் தராசு, நேரம் பார்க்க ஏதாவது ஒன்று, ஒரு கரண்டி, துப்புவதற்கு ஒரு பாத்திரம். வெள்ளை நிறம் கட்டாயம். வண்ணக் கோப்பையில் டிகாஷனின் நிறத்தைப் பார்த்துச் சொல்வது வீண் வேலை. சன்னல் பக்கம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் வையுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லாத் தேயிலையும் அழகாகத் தெரியும்.

கரண்டியால் அளப்பதை விட்டுவிடுங்கள். முறுக்கிய நீள இலை ஒரு கரண்டியில் கொஞ்சம்தான் நிற்கும். உடைந்த இலை அதே கரண்டியில் பல மடங்கு எடை வரும். தராசு இல்லாமல் செய்த ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம்?

இதற்கென்றே ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. ஐஎஸ்ஓ 3103 என்று பெயர். 1980இல் வந்தது, 2019இல் திருத்தினார்கள். அதன்படி 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் இலை. தண்ணீர் கொதித்த உடனே ஊற்ற வேண்டும். மூடி வைத்து 6 நிமிடம் ஊற வேண்டும். பாத்திரம் வெள்ளைப் பீங்கானாகவோ மெருகு பூசிய மண்ணாகவோ இருக்க வேண்டும்.

6 நிமிடம் அதிகமில்லையா? கசந்துவிடாதா?

குடிப்பதற்கு அதிகம்தான். நல்ல டார்ஜிலிங்கை 3 நிமிடத்துக்கு மேல் விட்டால் எனக்கே மனசு கேட்காது. ஆனால் அந்தத் தரநிலை சுவையான தேநீர் போடக் கற்றுத்தருவதற்காக எழுதப்பட்டதில்லை. ஒரு தேயிலையின் நல்லது கெட்டது இரண்டையும் ஒளிக்காமல் வெளியே கொண்டுவருவதுதான் அதன் வேலை. குறைந்த நேரத்தில் போட்டால் சுமாரான இலைகூட மென்மையாக, நாகரிகமாகத் தெரியும். 6 நிமிடம் ஊறியபின்பு வெறும் கசப்பு மட்டும் மிஞ்சுகிறதா, அல்லது துவர்ப்புக்குப் பின்னால் இனிப்பும் வாசனையும் எழுந்து நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் நான் சொல்லும் வழி இரண்டு சுற்று. முதல் சுற்றில் 6 நிமிடம். அது தரம் பார்க்க. இரண்டாவது சுற்றில் நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் நேரம்; அது வாங்கலாமா என்று முடிவு செய்ய. முதல் சுற்றில் தோற்ற இலை இரண்டாவதில் ஜெயிப்பது உண்டு, குறிப்பாக டார்ஜிலிங் முதல் பறிப்பு, அதாவது மார்ச், ஏப்ரலில் பறிக்கும் இலை. அப்படி நடந்தால் குறிப்பில் எழுதி வையுங்கள்: கவனமாகப் போட்டால் மட்டும் நன்றாக வரும் தேயிலை.

எந்த நேரத்தை எடுத்துக்கொண்டாலும் சரி, ஒரு சுற்றில் எல்லாக் கோப்பைக்கும் அதே நேரம், அதே எடை, அதே தண்ணீர். இந்த ஒன்றை விட்டால் ஒப்பீடு கிடையாது.

தண்ணீரால் அவ்வளவு மாற்றம் வருமா?

வரும். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீரில் டிகாஷன் மங்கிக் கறுத்துத் தெரியும், மேலே ஆடை போல ஒரு படலம் மிதக்கும், வாசனை அடங்கிவிடும். தண்ணீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைப் பொருள்களோடு சேர்வதால் வருவது அந்தப் படலம். உப்பே இல்லாத வடிநீரில் போட்டாலும் சுவை தட்டையாக இருக்கும். மிதமான மென்மையுள்ள குடிநீர்தான் சரி. மலையுயரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதே இலை அங்கே கொஞ்சம் மென்மையாக இறங்கும்.

எந்த வரிசையில் பார்ப்பது?

காய்ந்த இலை, பிறகு ஊறிய இலை, பிறகு டிகாஷன். தேயிலையைச் சுவைத்து விலை சொல்லும் தொழில்முறை டேஸ்டர்களும் இந்த மூன்றையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கோப்பைகளுக்குள் வரிசை வேண்டும் என்றால், மென்மையானதிலிருந்து கனமானதற்குப் போங்கள். டார்ஜிலிங்கோ இலங்கையின் நுவரெலியாவோ முதலில், அசாம் பின்னால், புகை போட்ட லாப்சாங் சூச்சோங் எல்லாவற்றுக்கும் கடைசியில். அதை முதலில் வைத்தால் மற்ற எதுவும் வாயில் தெரியாது.

காய்ந்த இலையில் என்ன பார்க்க வேண்டும்?

ஒரு வெள்ளைத் தாளில் பரப்புங்கள். இலை நன்றாக முறுக்கியிருக்கிறதா, ஒரே அளவில் இருக்கிறதா, காம்பும் நாரும் தூசும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாருங்கள். கறுப்பாக, லேசான மினுக்கோடு இருப்பது நல்லது. சாம்பல் பூத்தாற்போல இருந்தால் சலிக்கும்போதும் பிரிக்கும்போதும் இலையின் மேற்பூச்சு உரசிப் போயிருக்கிறது. விரலால் நெரித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறியிருக்கிறது. உலர்த்தி முடித்த தேயிலையில் ஈரம் 3 சதவீத அளவில்தான் இருக்கும். கிடங்கிலும் பையிலும் அது ஏறிக்கொண்டே போகும்.

கையளவு எடுத்து உள்ளங்கையில் மூடி, மூச்சுக்காற்றை ஊதி, உடனே முகர்ந்து பாருங்கள். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் வாசனை எழும்பும்.

பொன்னிற நுனிகள் நிறைய இருந்தால் உயர்ந்த தேயிலையா?

அப்படிச் சொல்ல முடியாது. மெல்லிய ரோமம் உள்ள இளங்கொழுந்து சாயத்தில் தோய்ந்து காய்ந்தால் பொன்னிறமாகத் தெரியும். கவனமாகப் பறித்ததற்கு அது அடையாளம். அசாம் இரண்டாம் பறிப்பிலும் சீனாவின் யுன்னானிலும் அது இனிப்பையும் மெத்தென்ற தன்மையையும் சேர்க்கும். ஆனால் நுனி நிறைந்த தேயிலை தவறாக உலர்த்தப்பட்டிருக்கலாம், பழையதாக இருக்கலாம். இலங்கையின் ஊவா, நுவரெலியாத் தேயிலைகளில் நுனியே இல்லாமல் அருமையானவை உண்டு. கண்ணுக்கு அழகாக இருப்பதற்காகக் கூடுதல் மதிப்பெண் போடாதீர்கள்.

பொட்டலத்தில் எஃப்டிஜிஎஃப்ஓபி என்று நீளமாக எழுதியிருக்கிறதே, அது தரமா?

அது இலையின் அளவும் தோற்றமும். ஓபி என்றால் ஆரஞ்சு பெக்கோ, உடையாத நீள இலை. ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிஓபி உடைந்த இலை. பிஓபிஎஃப் இன்னும் சின்னது. டஸ்ட் கடைசி. முன்னால் சேரும் எழுத்துகள் பூத்தன்மை, பொன்னிறம், நுனி ஆகியவற்றைக் குறிப்பவை. இந்த நீள எழுத்துகளைப் பெரும்பாலும் இந்தியத் தேயிலைகளில், அதிலும் டார்ஜிலிங்கிலும் அசாமிலும் பார்க்கலாம். ஒரே தோட்டத்தின், ஒரே பருவத்தின் இரண்டு பொட்டலங்களை ஒப்பிட அவை உதவும். இரண்டு வேறு தோட்டங்களை ஒப்பிட உதவாது.

பொட்டலத்தில் நான் முதலில் தேடுவது தோட்டத்தின் பெயர், பறித்த ஆண்டு, பருவம். இந்த மூன்றும் இல்லாமல் எழுத்துகள் மட்டும் இருந்தால் தேயிலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஊறிய இலையைப் பார்த்து என்ன தெரியும்?

ஏறக்குறைய எல்லாம் தெரியும். டிகாஷனை வடித்ததும் இலையைத் தூக்கி எறிகிறவர்கள் பாதிச் செய்தியை எறிகிறார்கள். பாத்திரத்தின் மூடியைத் தலைகீழாக வைத்து அதன்மேல் இலையைத் தட்டிப் பரப்புங்கள். சூடு இருக்கும்போதே மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் முகருங்கள். டிகாஷனில் மெல்லியதாகத் தெரியும் வாசனை இங்கே பல மடங்காக இருக்கும், குறையும் அப்படியே.

அப்புறம் நிறம். புதுச் செம்புக் காசு போலப் பளிச்சென்ற செம்பழுப்பு இருந்தால் ஆக்சிஜனேற்றம் சரியான இடத்தில் நின்றிருக்கிறது. பச்சைத் திட்டுகள் கலந்திருந்தால் இலை சரியாக உருளவில்லை அல்லது சீக்கிரமே உலர்த்தப்பட்டிருக்கிறது. டிகாஷனில் பச்சை வாடையும் கடுப்பும் இருக்கும். மங்கிய கறும்பழுப்பாக இருந்தால் நேரம் கூடிவிட்டது, அல்லது உருட்டும் இடத்தில் சூடு ஏறியிருக்கிறது. விரலால் விரியாமல் கறுத்துக் கட்டியாக நிற்கும் துண்டுகள் இருந்தால் உலர்த்தியில் தீ கூடியிருக்கிறது. பல நிறங்கள் கலந்து கிடந்தால் வேறு வேறு நாளில் பறித்தவற்றையோ வேறு வேறு தோட்டத்து இலைகளையோ கலந்திருக்கலாம்.

ஓரிரு இலையை விரலால் பிரித்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்ததா, முற்றிய இலையும் காம்புமாகப் பறித்ததா என்று கண்ணாலேயே தெரியும். இளம் இலை விரலுக்குள் மெத்தென்று நசுங்கும். முற்றியது தோல் மாதிரி நிற்கும். காய்ந்த இலையை முறுக்கியும் சலித்தும் அழகாகக் காட்ட முடியும். ஊறி விரிந்த இலையில் அதெல்லாம் நடக்காது. அதனால் காய்ந்த இலையும் ஊறிய இலையும் வேறு வேறு கதை சொன்னால் நான் ஊறிய இலையின் பக்கம்தான்.

முதல் பறிப்பு டார்ஜிலிங்குக்கு மட்டும் இந்த நிறக் கணக்கு பொருந்தாது. அதை அடுத்துச் சொல்கிறேன்.

டார்ஜிலிங் முதல் பறிப்பு பச்சையாக இருக்கிறதே, அது கறுப்புத் தேயிலைதானா?

அந்த வகையில்தான் விற்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் பறிக்கும் இலையை மிகவும் அழுத்தமாக வாட்டுவதால் ஈரம் வெகுவாகக் குறைகிறது. அதனால் பின்னால் ஆக்சிஜனேற்றம் முழுதாக நடக்காது. ஊறிய இலையில் பச்சை நிறைய இருக்கும், டிகாஷன் வெளிர் பொன்னாக இருக்கும், பூவும் இளம்பச்சையும் கலந்த வாசனை வரும். அங்கே பச்சை நிறம் குறை இல்லை. செய்தவர் விரும்பிச் செய்தது. அதே பச்சையை அசாமில் கண்டால் குறை. ஒவ்வொரு தேயிலையையும் அதன் இனத்தோடு வைத்துத்தான் நிறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலை நீட்டினால் நல்லதை ஒதுக்கி விடுவோம்.

டிகாஷனைச் சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டுமா?

ஆமாம். கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று வேகமாக உறிஞ்ச வேண்டும். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், தக்காளி போன்றவற்றில் தெரியும் நிறைசுவை) என்று சில சுவைகளைத்தான். பூ, பழம், தேன், மரம் என்று நாம் சொல்வதெல்லாம் வாசனை. தெளித்தாற்போல உறிஞ்சும்போது அந்த வாசனை வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பிறகு விடுங்கள். வித்தியாசம் உடனே புரியும்.

கொதிக்கக் கொதிக்க வேண்டாம். சூட்டில் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை வழக்கமாகக் குடிப்பது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. வெதுவெதுப்பானதும் ஒரு முறை, நன்றாக ஆறியபின் ஒரு முறை சுவையுங்கள். சூட்டில் மறைந்திருந்த குறைகள் ஆறியதும் வெளியே வரும்.

துவர்ப்பையும் கசப்பையும் எப்படிப் பிரிப்பது?

கசப்பு சுவை. துவர்ப்பு தொடுவுணர்ச்சி. தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு, கன்னத்தின் உட்புறமும் ஈறும் இறுகினாற்போல ஆகும். வாழைப்பூவையோ நெல்லிக்காயையோ கடித்தால் வருவது போல. நல்ல கறுப்புத் தேயிலையில் துவர்ப்பு கட்டாயம் இருக்க வேண்டும். அது சுறுசுறுப்பாக எழுந்து, சீக்கிரம் விலகி, பின்னால் இனிப்பை விட்டுப்போனால் நல்ல துவர்ப்பு. தொண்டையில் பிடித்துக்கொண்டு, விழுங்கிய பின்பும் சுரண்டினால் கடுப்பு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிட்டு, துவர்ப்புள்ள எல்லாத் தேயிலைக்கும் மதிப்பெண் குறைப்பார்கள். ஊவாவுக்கு அது பெரிய அநியாயம்.

டேஸ்டர்கள் சொல்லும் பிரிஸ்க், பாடி, பிரைட் எல்லாம் என்ன?

பிரிஸ்க் என்றால் வாயில் உயிரோட்டம், துடிப்பு. அதற்கு எதிர்ப்பதம் பிளாட், தட்டை. பாடி என்றால் வாயில் தெரியும் கனம். தண்ணீராக இருந்தால் தின். பிரைட் என்பது டிகாஷனின் ஒளி. கோப்பையின் ஓரத்தைப் பாருங்கள், டிகாஷன் சுவரைத் தொடும் இடத்தில் பொன் வளையம் பளிச்சிட்டால் பிரைட். மால்ட்டி என்பது முளைகட்டி வறுத்த தானியத்தின் மணம், அசாமின் அடையாளம். பேக்கி என்றால் உலர்த்தியில் சூடு கொஞ்சம் கூடிய வாடை. ஸ்டூவ்ட் என்றால் சூட்டில் வெந்துபோன, உயிரில்லாத சுவை. டெய்ன்ட் என்றால் தேயிலைக்குச் சொந்தமில்லாத வாடை எதுவும்.

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் வாய்க்குத் தோன்றும் சொல்லையே எழுதுங்கள். அடுத்த முறையும் அதே பொருளில் எழுதினால் சரி.

எந்த ஊர்த் தேயிலையில் எதை எதிர்பார்க்கலாம்?

அசாம் பிரம்மபுத்திரா சமவெளியில் விளைவது. கனம், மால்ட் மணம், ஆழ்ந்த சிவப்பு. மே கடைசியிலும் ஜூனிலும் பறிக்கும் இரண்டாம் பறிப்பில்தான் அதன் முழுமை. கனம் இருந்து ஒளி இல்லாவிட்டால் சுமார் அசாம்.

டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பு, மே, ஜூனில் வருவது, பழுத்த திராட்சையை நினைவூட்டும் மஸ்கடெல் மணத்துக்குப் பெயர்போனது. இலையின் சாற்றை உறிஞ்சும் சின்னத் தத்துப்பூச்சி கடித்ததும் செடி தன்னைக் காக்கச் சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. அந்த மணத்தில் அதற்கும் பங்கு உண்டு. இதை முதன்முதலில் தெளிவாக உணர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழைக்காலப் பறிப்பு கனமாகவும் சாதாரணமாகவும் இருக்கும். இலையுதிர்காலத்துப் பறிப்பு செம்பு நிறமாக, அமைதியாக இருக்கும். அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைப்பதில்லை.

நீலகிரியில் ஆண்டு முழுவதும் பறிப்பு உண்டு. பூவாசனை, தெளிவு, மென்மையான உருண்ட சுவை. டிசம்பரிலிருந்து வரும் பனிக்காலத் தேயிலையில் வாசனை கூடுதலாகக் குவிந்திருக்கும். ஆறினாலும் அதிகம் கலங்காது என்பதால் குளிர்ந்த தேநீருக்கு நீலகிரியை விரும்புகிறார்கள்.

இலங்கையில் உயரம்தான் முதல் பிரிவு: 600 மீட்டருக்குக் கீழ் தாழ்நிலம், 1200 மீட்டர் வரை நடுநிலம், அதற்கு மேல் உயர்நிலம். நுவரெலியா மெல்லியது, வெளிர்நிறம், பூத்தன்மை. திம்புலா ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலத்தில் சிறக்கும். நிறமும் துடிப்பும் சமமாக இருக்கும். ஊவா ஜூலை முதல் செப்டம்பர் வரை, காய்ந்த காற்று வீசும் வாரங்களில், வேறு எங்கும் இல்லாத ஒரு குளிர்ந்த மணத்தைத் தரும். வலித்தைலத்தை லேசாக நினைவூட்டும். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் அதற்குக் காரணம். முதல் முறை குடிக்கிறவர் வெளி வாடை ஏறிவிட்டது என்று நினைக்கக்கூடும். அதுதான் ஊவாவின் சிறப்பே. தாழ்நிலத் தேயிலையில் கறுத்த அழகான இலை, கனம், தேன்பாகு போன்ற இனிப்பு இருக்கும்.

சீனாவின் கீமுன் ஆன்ஹுய் மாநிலத்தில் விளைவது. இலை சின்னது, மெல்லிய முறுக்கு. துவர்ப்பு குறைவு, கோக்கோவும் ஆர்க்கிட் பூவும் கலந்த ஒரு மணம். யுன்னான் அசாம் வகைப் பெரிய இலையில் செய்வது. பொன்னிறக் கொழுந்து, தேன், மிளகின் சாயல், மிருதுவான கனம். லாப்சாங் சூச்சோங் ஃபூஜியனில் வுயி மலைப் பக்கம் பைன் விறகுப் புகையில் உலர்த்துவது. புகைக்குப் பின்னால் இலையின் இனிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். வெறும் புகை மட்டும் இருந்தால் நல்லதில்லை. கென்யாவில் பெரும்பாலும் சிடிசிதான். ஆர்த்தடாக்ஸ் கிடைத்தால் அதன் ஒளியையும் துடிப்பையும் பார்க்கத் தவறாதீர்கள்.

ஆறியதும் டிகாஷன் பால் ஊற்றியது போலக் கலங்குகிறது. கெட்டுப்போனதா?

நேர் எதிர். தியாஃப்ளேவினும் காஃபீனும் குளிர்ச்சியில் சேர்ந்து கலங்கலாகின்றன. டேஸ்டர்கள் இதை கிரீமிங் டவுன் என்பார்கள். பளிச்சென்ற பொன்சிவப்பில் கலங்கினால் சத்துள்ள தேயிலை. சேறு போல மங்கலாகக் கலங்கினால் அவ்வளவு நல்லதில்லை. திரும்பச் சூடாக்கினால் தெளிந்துவிடும்.

குறை தேயிலையிலா, நான் போட்ட விதத்திலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்துக் கோப்பையைப் பாருங்கள். இரண்டிலும் அதே குறை இருந்தால் தண்ணீர், பாத்திரம், நேரம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. ஒன்றில் மட்டும் இருந்தால் இலை. ஒற்றைக் கோப்பையை வைத்துக்கொண்டு தரம் சொல்ல முடியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தேயிலையை ஒவ்வொரு முறையும் வரிசையில் வையுங்கள். அன்றைக்கு அதுவே சரியில்லாமல் தெரிந்தால் உங்கள் மூக்கோ தண்ணீரோ சரியில்லை. வேறு நாள் பார்க்கலாம்.

பால் சேர்த்துப் பார்க்கலாமா?

பாலோடு குடிப்பதற்காகவே வாங்குகிற தேயிலை என்றால் பார்க்கத்தான் வேண்டும். ஐஎஸ்ஓ முறையும் பாலை அனுமதிக்கிறது. பாலின் கேசின் புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்கும். கவனிக்க வேண்டியது நிறம். நல்ல அசாமில் பால் விட்டால் பளிச்சென்ற செம்பொன் வரும். சாம்பல் கலந்த பழுப்பு வந்தால் ஒளியில்லாத தேயிலை. டார்ஜிலிங், கீமுன் இவற்றில் பால் விட்டால் எதற்காக வாங்கினோமோ அதுவே மறைந்துவிடும்.

ஒரே நேரத்தில் எத்தனை தேயிலை பார்க்கலாம்?

தொடக்கத்தில் மூன்று. பழகியபின் ஆறு வரை. அதற்கு மேல் நாக்கு துவர்ப்பில் மரத்துப்போகும். விழுங்காமல் துப்புவது நல்லது. காய்ந்த தேயிலையில் காஃபீன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கிறது. வெறும் வயிற்றில் பல கோப்பை இறங்கினால் படபடப்பு வரும். நடுநடுவே வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். வாசனைத் திரவியம், காரம், பற்பசை எல்லாம் கொஞ்ச நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

மதிப்பெண் போடலாமா?

போடலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள். 100க்கு 87 என்று எழுதினால் இரண்டு மாதம் கழித்து ஒன்றும் புரியாது. “ஒளி நன்று, வாசனை சூட்டில் மட்டும், ஆறியதும் கடுப்பு” என்று எழுதினால் அந்தக் கோப்பையே திரும்ப நினைவுக்கு வரும். இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக எழுதுவது என் பழக்கம். நன்றாகச் செய்யப்பட்டதா? எனக்குப் பிடித்ததா? இரண்டும் ஒன்றில்லை. லாப்சாங் பிடிக்காதவர்கூட நல்ல லாப்சாங்கை அடையாளம் காண முடியும், காண வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க வழி?

கோப்பையின் அடியில் எண் ஒட்டி, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். இன்னும் கடுமையான சோதனை வேண்டுமா? மூன்று கோப்பையில் இரண்டில் ஒரே தேயிலை, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் பல தடவை செய்து பார்க்க வேண்டும். இரண்டு தேயிலைகளைத் தொடர்ந்து பிரித்தறிய முடியவில்லை என்றால் அவற்றில் மலிவானதை வாங்குவதில் தப்பே இல்லை.

ஏர்ல் கிரே போன்ற வாசனை சேர்த்தவற்றை இப்படிப் பார்க்கலாமா?

அடிப்படை இலையைப் பார்க்கலாம். ஆறவிட்டுச் சுவையுங்கள், அதில் சேர்க்கும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் மணம் தணிந்தபின் இலை தனியாகத் தெரியும்.

சாயம் ஏற்றிய தேயிலையைக் கண்டுபிடிக்க முடியுமா?

நனைத்த வெள்ளை வடிதாளில் கொஞ்சம் இலையைத் தூவி, சில நிமிடம் கழித்துக் கழுவிப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் நல்ல இலை உடனே நிறம் விடாது. தாளில் அழுத்தமான கறைக் கோடுகள் ஓடினால் சந்தேகப்படலாம். இரும்புத் துகளுக்கு ஒரு காந்தம் போதும்.

எப்படிப் பாதுகாப்பது? எவ்வளவு நாள் தாங்கும்?

காற்று, ஈரம், வெளிச்சம், சூடு, வேற்று வாசனை இந்த ஐந்தும் ஆகாது. இறுக மூடும் தகர டப்பா நல்லது. கண்ணாடி ஜாடி அலமாரிக்குள் இருந்தால் மட்டும் சரி. மசாலாப் பொருள்களுக்கும் சோப்புக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. தேயிலை அந்த வாடையைக் குடித்துவிடும். டார்ஜிலிங் முதல் பறிப்பை அந்த ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். அசாம், கீமுன், யுன்னான் நன்றாக மூடி வைத்தால் இரண்டு ஆண்டு வரைகூட மோசமாகாது. பழைய தேயிலை நிறம் கொடுக்கும், வாசனை கொடுக்காது.

இரண்டாவது முறை ஊறவைத்துப் பார்ப்பதில் பயன் உண்டா?

முழு இலையில் உண்டு. யுன்னானும் நல்ல கீமுனும் இரண்டாவது, மூன்றாவது முறையிலும் இனிப்பு தரும். உடைந்த இலையில் முதல் முறையே எல்லாம் இறங்கிவிடும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

மூன்று பொட்டலம், ஒவ்வொன்றும் சின்ன அளவில்: அசாம் இரண்டாம் பறிப்பு, டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பு, கீமுன். இந்த மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கனம், வாசனை, மிருது என்ற மூன்று திசைகளும் பிடிபடும். அப்புறம் அசாமிலேயே இரண்டு தோட்டங்களை எடுத்து, எது எந்தத் தோட்டம் என்று தெரியாமல் சுவையுங்கள். ஊர் விட்டு ஊர் ஒப்பிடுவது சுலபம். ஒரே ஊரின், ஒரே பருவத்தின் இரண்டு இலைகளுக்குள் வித்தியாசம் சொல்ல வரும்போதுதான் நாக்கு பழகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குச் சில மாதம் ஆகும். வாரம் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.